ஓட முடியாத கரை

2024ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் திகதி, திங்கட்கிழமை. அன்று பிற்பகல் நான் ஓர் உல்லாசக் கப்பலில் ஏறியிருக்க வேண்டும். ஆனால் ஹூஸ்டன் நகரில், மைத்துனர் வீட்டுக் கூடத்தில், சுழலாத மின்விசிறியைப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களது 25ஆவது திருமண நிறைவுக்காக மனைவியின் தம்பி ஏற்பாடு செய்திருந்த பயணம் அது. கல்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, மெக்சிக்கோவின் ஒரு தீவைப் பார்த்துவிட்டு நான்காம் நாள் திரும்ப வேண்டும். 1990இல் மட்டக்களப்பை விட்டுப் போனவர், முதல் தடவையாக அக்காவுக்குச் செய்யும் பெரிய செலவு. அந்த மகிழ்ச்சியில் அவர் சூறாவளிக் காலத்தை மறந்துவிட்டார். நாங்களும் கேட்கவில்லை.

அன்று அதிகாலை 'பெரில்' சூறாவளி டெக்சாஸின் மட்டகோர்டா என்ற இடத்தில் கரை கடந்தது. ஒரு வாரத்துக்கு முன்னர், ஜூலை 1ஆம் திகதி, கிரனடாவுக்குச் சொந்தமான கரியாகூ என்ற சிறு தீவை அது நான்காம் தரச் சூறாவளியாக மோதி, அங்கிருந்த வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றைச் சிதைத்துவிட்டிருந்தது. பின்னர் ஐந்தாம் தரத்துக்கும் உயர்ந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஓர் ஆண்டின் அவ்வளவு முற்பகுதியில் ஐந்தாம் தரச் சூறாவளி உருவானதாக அதற்கு முன்னர் பதிவு இல்லை. டெக்சாஸை அடைந்தபோது முதலாம் தரமாகத் தணிந்திருந்தது. அந்தத் தணிந்த காற்றே ஹூஸ்டன் பகுதியில் 22 இலட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகளைத் துண்டிக்கப் போதுமானதாக இருந்தது.

கப்பல் நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. துறைமுகம் மூடப்பட்டுள்ளது, கப்பல் பாதுகாப்பாகக் கடலில் நிற்கிறது, மறு அறிவித்தல் வரை வர வேண்டாம் என்றிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. நான்கு நாள் இரண்டு நாளாகும், பணம் முழுவதும் திரும்பாது என்று தெரிந்ததும், கைத்தொலைபேசியில் இருந்த சொற்ப மின்சக்தியையும் செலவழித்து ஒரு நீண்ட முறைப்பாட்டை எழுதத் தொடங்கினேன்.

"அத்தான், சனம் வீட்டுக் கூரைக்கே வழி தெரியாமல் நிக்குது. விடுங்கோ" என்றார் மைத்துனர்.

புதன்கிழமை கப்பல் வந்தது. நாங்கள் நேரத்தோடு கல்வெஸ்டனுக்குப் போய்விட்டோம். முனையத்தின் வாசலில் பெட்டிகளோடு மக்கள் வெள்ளம். உள்ளே விட இன்னும் மூன்று மணித்தியாலம் ஆகும் என்றார்கள். துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள ஸ்ட்ராண்ட் எனும் பழைய கடைத்தெருவுக்கு நடந்தோம். அங்கே ஒரு கட்டடச் சுவரில், ஏறத்தாழ என் தலை மட்டத்தில், சிறிய தகடு ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. 2008 செப்டெம்பரில் 'ஐக்' சூறாவளியின்போது தண்ணீர் நின்ற உயரம் அது.

சிப்பிகளும் ரி-ஷேர்ட்டுகளும் விற்கும் ஒரு கடையில் சுமார் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க கறுப்பினப் பெண்மணி ஒருவர் இருந்தார். மின்சாரம் இன்னும் வரவில்லை. கதவை அகலத் திறந்து வைத்து, கடதாசி மட்டை ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தார். கப்பலுக்கா என்று கேட்டார். ஆமாம், இரண்டு நாள் தாமதம் என்றேன். என் குரலில் இருந்த குறையை அவர் கவனித்திருக்க வேண்டும்.

"கப்பலுக்கு இயந்திரம் இருக்கிறது, ஓடிவிடும். ஓடுவதுதான் நல்லது. இங்கே கட்டி வைத்தால் எங்கள் தலையில்தான் ஏறும்" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "திரும்பி வருகிறதா என்பதுதான் எங்களுடைய கவலை."

அவர் சொன்னது கணக்கிலும் சரியானதே. பெரும்பாலான சூறாவளிகள் மணிக்கு 15 முதல் 30 கிலோமீற்றர் வேகத்தில் நகர்பவை. ஒரு நவீன உல்லாசக் கப்பலோ 35 முதல் 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடக்கூடியது. புயலின் பாதை சில நாட்களுக்கு முன்பே வரைபடத்தில் தெரிந்துவிடுகிறது. அமெரிக்கக் கரையோரக் காவற்படை, பலத்த காற்று வருவதற்கு 72, 48, 24, 12 மணித்தியாலங்களுக்கு முன்னர் எனப் படிப்படியாகத் துறைமுகத்தின் ஆயத்த நிலையை உயர்த்தி, இறுதியில் மூடிவிடும். காற்று ஓய்ந்த பின்னரும் உடனே திறப்பதில்லை. கால்வாயில் மணல் சேர்ந்துள்ளதா, மிதவைகள் இடம்பெயர்ந்துள்ளனவா என அளந்து பார்த்த பின்பே பெரிய கப்பல்கள் உள்ளே வரலாம். அதுவரை பயணிகள் நடுக்கடலில் உண்டு, உறங்கி, ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பயணச் சீட்டின் நிபந்தனைகளில், வானிலை காரணமாகத் துறைமுகத்தை மாற்றவும் தவிர்க்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்ற வாசகம் இருக்கும். நாங்கள் ஒப்பமிட்டதிலும் இருந்தது.

கரையில் இருப்பவருக்கு அப்படியொரு வாசகம் இல்லை. கப்பல் வராத நாளில் பெட்டி தூக்குபவருக்கு அன்பளிப்புக் கிடையாது. வாடகைக் கார், வாகனத் தரிப்பிடம், சிற்றுண்டிக் கடை, முதல்நாள் இரவு பயணிகள் தங்கும் விடுதி எல்லாவற்றுக்கும் அன்று விடுமுறை, சம்பளமற்ற விடுமுறை.

கல்வெஸ்டன் மக்களின் அந்தக் கவலைக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1900 செப்டெம்பர் 8ஆம் திகதி அந்தத் தீவை ஒரு சூறாவளி விழுங்கியது. அப்போது நகரின் சனத்தொகை சுமார் 38,000. இறந்தவர்கள் 6,000 முதல் 12,000 வரை என மதிப்பிடப்படுகிறது. அமெரிக்க வரலாற்றில் அதிக உயிர்களைக் கொண்டுபோன இயற்கை அனர்த்தம் இன்றுவரை அதுவே. ஹவானாவிலிருந்த கியூப வானிலையாளர்கள், புயல் மெக்சிக்கோ வளைகுடாவுக்குள் செல்லும் எனச் சரியாகக் கணித்திருந்தார்கள். அமெரிக்க வானிலைப் பணியகமோ அவர்களுடைய எச்சரிக்கைத் தந்திகளைத் தடுத்து வைத்துவிட்டு, புயல் புளோரிடா பக்கம் திரும்பும் என நம்பியிருந்தது. செய்தித் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் இந்த ஒரு விடயம் என்னை எப்போதும் உறுத்துவதுண்டு. தகவல் இருந்தது. கரைக்கு வந்து சேரவில்லை.

பிழைத்தவர்கள் ஓடவில்லை. 17 அடி உயரத்தில் கடற்சுவர் கட்டினார்கள். 1904இல் அதன் முதற்பகுதி முடிந்தது. பின்னர் 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை யாக்கிகளால் தூக்கி நிறுத்தி, அடியில் கடல் மணலை நிரப்பி, நகரையே உயர்த்தினார்கள். ஆனால் வணிகம் காத்திருக்கவில்லை. உள்நாட்டில் பாதுகாப்பாக இருந்த ஹூஸ்டனுக்கு ஆழ்கடற் கால்வாய் வெட்டப்பட்டு 1914இல் திறக்கப்பட்டது. கப்பல்கள் மெல்ல மெல்ல அங்கே போய்விட்டன. நமது பக்கத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்த பின்னர், தலைமன்னாரிலிருந்து போகும் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போகத் தொடங்கியது. தனுஷ்கோடிக்கு அது திரும்பவே இல்லை.

2000ஆம் ஆண்டில் கல்வெஸ்டனைத் தாயகத் துறைமுகமாகக் கொண்டு உல்லாசக் கப்பல்கள் வரத் தொடங்கியபோது, போன கப்பல்கள் வேறு உருவில் திரும்பியதாக அந்நகரம் மகிழ்ந்திருக்கலாம். எட்டே ஆண்டுகளில் ஐக் வந்தது. 2008 செப்டெம்பர் 13ஆம் திகதி அதிகாலை 2.10க்கு அது கரை கடந்தது. கடலின் பக்கம் சுவர் நின்றது. தண்ணீர் கொல்லைப்புறமாக, குடாவின் பக்கமிருந்து, துறைமுகத்தின் ஊடாக ஊருக்குள் புகுந்தது. உப்புநீர் குடித்த சுமார் 40,000 மரங்கள் பட்டுப்போயின. அவற்றில் சில முதிய ஓக் மரங்களை வெட்டி எறிய மனமில்லாமல், வீட்டுக்காரர்கள் நின்ற நிலையிலேயே சிற்பங்களாகச் செதுக்குவித்தார்கள். வாசலில் நாரையாகவும் மீனாகவும் நிற்கும் அந்த அடிமரங்களை நானும் பார்த்தேன்.

உல்லாசக் கப்பல்கள் அப்போதும் ஹூஸ்டனுக்கே போயின. அங்கே பேபோர்ட் என்ற புதிய முனையம் வாடிக்கைக் கப்பல்கள் இன்றிக் கிடந்தது. "இனி வராது என்றே நினைத்தோம். என் மகன் அப்போது பெட்டி ஏற்றும் வேலையில் இருந்தான். தினமும் விடியற்காலையில் போய் வெறும் துறையைப் பார்த்துவிட்டு வருவான்" என்றார் கடைக்காரப் பெண்மணி.

கப்பல்கள் அந்த ஆண்டு முடியுமுன்னர் திரும்பிவிட்டன. மனிதர்கள் அவ்வளவு விரைவாகத் திரும்பவில்லை. தீவின் மிகப் பெரிய தொழில் வழங்குநரான மருத்துவப் பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நிறுத்தியது. வறியவர்களுக்கான 569 அரச குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. அவற்றை மீளக் கட்டுவதா இல்லையா என்ற சர்ச்சை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 57,247 ஆக இருந்த நகரின் சனத்தொகை, 2010இல் 47,743 ஆகக் குறைந்திருந்தது. கடைக்காரப் பெண்மணியின் மகனும் குறைந்தவர்களில் ஒருவர். டலஸ் நகரில் இருக்கிறாராம்.

கப்பல்களை மட்டும் குற்றஞ்சொல்லி முடிப்பது நியாயமல்ல. 2017 செப்டெம்பரில் மரியா சூறாவளி கரிபியன் தீவுகளைச் சிதைத்தபோது, 'அட்வெஞ்சர் ஒஃப் த சீஸ்' என்ற உல்லாசக் கப்பல் தன் வழமையான பயணத்தை இரத்துச் செய்துவிட்டு, சுமார் 3,800 பேரைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் அயற்தீவுகளிலிருந்தும் ஏற்றிப் புளோரிடாவில் கொண்டுபோய் இறக்கியது. ஓடத் தெரிந்தது, ஓட முடியாதவரைத் தேடி வந்த தருணமும் உண்டு.

புறப்படும்போது அந்தப் பெண்மணி கேட்டார்: "நீங்கள் பத்திரிகைக்காரர் என்கிறீர்கள். ஐக் வந்தபோது எங்களைப் பற்றி உங்கள் நாட்டில் எழுதினார்களா?"

"எழுதினோம்" என்றேன்.

அது பொய்யல்ல. ஆனால் கப்பலேறி, அறையில் குளிரூட்டியின் கீழ் படுத்திருந்தபோது அந்தப் பதில் என்னை உறங்க விடவில்லை. நினைவு 1978ஆம் ஆண்டுக்குப் போயிற்று.

அவ்வாண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது எனக்கு ஒன்பது வயது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த மணல் துண்டாகிய நாவலடியில் எங்கள் வீடு. அன்றிரவு ஒரு கல்வீட்டில் நாற்பது பேர் நெருக்கியடித்து நின்றோம். முதலில் ஒரு பக்கத்துக் காற்று. பிறகு திடீரென ஓர் அமைதி. எல்லாம் முடிந்தது என்று எண்ணி வெளியே போகப் பார்த்தவர்களைப் பெரியவர் ஒருவர் தடுத்தார். சற்று நேரத்தில் மறுபக்கத்திலிருந்து காற்று அடித்தது. பயந்து பார்த்தது கடலை. தண்ணீர் வந்தது வாவிப் பக்கத்தால். விடிந்தபோது எங்கள் வளவில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. கிழக்கில் அந்தச் சூறாவளியால் இறந்தோர் தொகை ஆயிரத்தை அண்டியது.

சில நாட்கள் கழித்து நிவாரணப் பாண் வந்தது. அதைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளை அப்பா விரித்து வாசித்தார். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "நம்மட ஊர் பேர் போடல்லையா?" என்றார். அப்பா மீண்டும் ஒரு தடவை, மெதுவாக, முழுவதையும் வாசித்துக் காட்டினார். இல்லை. நாவலடியின் பெயர் பத்திரிகைகளில் வருவதற்கு 2004 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது எழுதியவர்களில் நானும் ஒருவன். அது வேறு கதை.

கொழும்பு திரும்பிய பின்னர், முன்பு பணியாற்றிய பத்திரிகையின் பழைய பிரதிகள் வைத்திருக்கும் அறைக்குச் சென்றேன். 2008 செப்டெம்பர்க் கட்டை எடுத்துத் தூசி தட்டினேன். அந்நாட்களில் வன்னியில் போர் மூண்டிருந்தது. வெளிநாட்டுச் செய்திக்கு இடம் குறைவு. அந்தப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. முகவர் நிறுவனங்களின் நீண்ட செய்திகள் வந்துகொண்டிருந்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. ஹெயிட்டியில் அந்தப் பருவத்து நான்கு புயல்களில் நூற்றுக்கணக்கானோர் இறந்தது, டெக்சாஸில் ஊர்கள் மூழ்கியது, கப்பற் பயணிகள் கரையேற முடியாமல் கடலில் காத்திருப்பது எல்லாம் அவற்றில் இருந்தன. எது கவர்ச்சியானதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினேன்.

'சூறாவளியில் சிக்கிய உல்லாசக் கப்பல் பயணிகள்' என்பது நான் இட்ட தலைப்பு. அவர்கள் சிக்கவில்லை, புயலுக்கு வெகு தொலைவில் பத்திரமாக இருந்தார்கள் என்பது செய்தியிலேயே இருந்தது.

கீழே பதினொரு வரிகள். இரண்டு தடவை மெதுவாக வாசித்தேன். கல்வெஸ்டன் என்ற பெயர் அதில் இல்லை.