அத்தை வீட்டு அடுப்பு

ராசிபுரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் என் அத்தை இருக்கிறாள். மார்கழியில் போனால், "அடுப்புக்கிட்ட வந்து குளிர் காயு கண்ணு" என்பாள். குளிர் காயலாம், கண்ணைத்தான் திறக்க முடியாது. அத்தை ஊதுகுழலை எடுத்து நாலு தரம் ஊதுவதற்குள் பத்துத் தரம் இருமுவாள். காஸ் அடுப்பும் இருக்கிறது. அது காப்பிக்கும் விருந்தாளிகளுக்கும்!

வேடிக்கை என்னவென்றால், அந்த விறகடுப்புக்குப் பெயர் 'புகையில்லா அடுப்பு'. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது யாரோ ஒரு கொத்தனார் போட்டுக் கொடுத்தது. யோசனை அதைவிடப் பழையது. ஹைதராபாத் எஞ்சினீயர் எஸ்.பி. ராஜு இத்தகைய அடுப்பை அமைத்து, 1953-லேயே புத்தகம் எழுதினார். 1983-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டம் 2002 வரை நாடெங்கும் இதைப் பரப்பியது. சூடான காற்று குழாய் வழியே மேலே ஏறும்போது புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான் சூட்சுமம்.

குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று மட்டும் கொத்தனார் சொல்லவில்லை. புகை என்பது எரியாமல் தப்பித்த விறகு. குழாயில் குளிர்ந்ததும் கரியாகவும் கீலாகவும் படியும். ஈர விறகானால் கேட்கவே வேண்டாம். அத்தைக்கு விறகு குச்சிக்கிழங்குக் குச்சிதான். மழையானாலும் வாசலிலேயே கிடக்கும்.

போன தை மாதம் கூரைமேல் ஏறினேன். குழாயின் தொப்பியைக் கழற்றினால், கட்டைவிரல் நுழையும் அளவே வழி! கயிற்றில் கல்லையும் சாக்கையும் கட்டி இறக்கி, மேலும் கீழும் இழுத்தேன். இரண்டு கூடை கரி விழுந்தது. என் சட்டை மீது விழுந்தது தனிக் கணக்கு.

மேல்நாட்டில் வீட்டைச் சூடாக்கும் விறகடுப்பு ஒன்று உண்டு. புகை தானே எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். பிளாட்டினமோ பல்லேடியமோ பூசிய தேன்கூடு போன்ற வில்லை ஒன்றின் வழியே செலுத்தினால், 260 டிகிரியிலேயே எரிந்துவிடுகிறது. ஆனால் அதற்கும் காய்ந்த விறகுதான் வேண்டும். பிளாஸ்டிக், வண்ணக் காகிதம் ஆகாது. சாம்பல் படிந்தால் துடைத்தாக வேண்டும். பிளாட்டினமே இருந்தாலும் துடைப்பத்துக்கு விடுதலை இல்லை!

அன்று மாலை அத்தை அடுப்பை மூட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் ஊதுகுழலோடு காத்திருந்தாள். புகை குழாயில் ஏறிவிட்டது. இருமல் நிற்கவில்லை, முப்பது வருஷத்துப் புகை ஒரே நாளில் போகுமா? கண்ணில் நீர் வடிவது குறைந்திருக்கிறதாம். குச்சிகளையும் திண்ணைக்கு மாற்றிவிட்டாள்.

போன வாரம் போனில் கூப்பிட்டாள். "குழாய் மறுபடியும் அடைச்சாப்பல இருக்குது கண்ணு. எப்ப வர்றே?"