அவசரமே படாத அண்டா

பெல்ஜியம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சாக்லேட்? டின்டின் காமிக்ஸ்? புரூசெல்ஸ் நடுவில் நின்றபடி உச்சா போகும் அந்தக் குட்டிப் பையன் சிலை? எல்லாம் சரி. ஆனா, நீங்க மெக்கானிக்கலோ, கெமிக்கலோ, பயோடெக்கோ படிக்கிற ஆளாக இருந்தால் அந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது ஒரு பரண். ஆமாங்க, பரண்தான்!

லண்டன், பாரிஸ் ரயில்கள் வந்து நிற்கிற மிடி ஸ்டேஷனில் இறங்குங்கள். வெளியே வந்து பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் ஆன்டர்லெக்ட் ஏரியா. டூரிஸ்ட் பளபளப்பு எதுவும் இல்லாத சாதாரணத் தெருவில், பழைய குடோன் மாதிரி ஒரு கட்டடம். பெயர் கான்டியோன். 1900ல் ஆரம்பித்து நாலு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிற பீர் ஆலை. 1978லிருந்து அதுவே மியூசியமும்கூட. டிக்கெட் எடுத்தால் உள்ளே போய்ச் சுற்றலாம்.

'ஐயையோ, பீரா? எங்கப்பா இந்தப் பக்கத்தைப் பார்த்தா அவ்ளோதான்!' என்று பதறாதீர்கள். குடிக்கக் கூப்பிடவில்லை. கொதிக்கிற ஒரு திரவம் எப்படி ஆறுகிறது என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறேன். ஆறுறதுல என்ன பெரிய மேட்டர்னு கேக்கறீங்களா? அங்கேதான் மொத்தக் கதையும் இருக்கு.

சீக்கிரம் ஆற்று, சீக்கிரம்!

முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்பாக ஒரு சாறு கிடைக்கும். அதற்குப் பெயர் வோர்ட். ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டு இதைக் கொதிக்க வைப்பார்கள். அடுத்து ஈஸ்ட் சேர்க்கணும். சிக்கலே இங்கேதான்.

அம்மா பாலுக்கு உறை ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றமாட்டார். வெதுவெதுப்புக்கு வரட்டும் என்று காத்திருப்பார். ஈஸ்ட்டும் அப்படித்தான். பெரும்பாலான வீட்டு பீர்களுக்கு 20 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்தால் சரி. ஆனால் 100 டிகிரியிலிருந்து 20க்கு இறங்குகிற வழியில் வில்லன்கள் காத்திருக்கிறார்கள். 60க்குக் கீழே வந்ததுமே காற்றிலும் பாத்திரத்திலும் இருக்கிற பாக்டீரியாக்களுக்கு அந்த இனிப்புச் சாறு கல்யாணப் பந்தி. அதோடு, மூடி வைத்துச் சூடாகவே விட்டால் டைமெத்தில் சல்ஃபைடு என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். வேகவைத்த சோள வாடை அடிக்கும்.

அதனால்தான் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரே மந்திரம்: சீக்கிரம் ஆற்று! அமெரிக்காவில் 1978ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்துக்குப் பிறகு இது அங்கே பெரிய பொழுதுபோக்கு. (நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஸோ, ஹாஸ்டல் ரூம்ல ஆராய்ச்சி வேண்டாம், ப்ளீஸ்!) அவர்கள் செம்புக் குழாயை ஸ்பிரிங் மாதிரி சுருட்டி, வோர்ட் பாத்திரத்துக்குள் இறக்கி, குழாய்த் தண்ணீரை அதில் ஓடவிடுவார்கள். சும்மா விட்டால் ராத்திரி முழுக்க ஆறுகிற 20 லிட்டர், தண்ணீர் ஜில்லென்று இருந்தால் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். ஒரு டிப்ஸ்: கிண்டிவிட்டுக்கொண்டே இருக்கணும். இல்லாவிட்டால் சுருளை ஒட்டியிருக்கிற வோர்ட் மட்டும் குளிர்ந்து, போர்வை மாதிரி சுருளைச் சுற்றி நின்றுவிடும்.

பெரிய ஆலைகளில் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர். மெல்லிய தகடுகளுக்கு இந்தப் பக்கம் சூடான வோர்ட் ஒரு திசையில், அந்தப் பக்கம் குளிர்ந்த தண்ணீர் எதிர்த் திசையில். ரிச்சர்ட் செலிக்மன் 1923ல் பாலைப் பதப்படுத்துவதற்காக உருவாக்கியது. சூடேறி வெளியே வருகிற தண்ணீரை அடுத்த ஈடு காய்ச்ச வைத்துக்கொள்வார்கள். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் 'கவுன்ட்டர் ஃப்ளோ' என்று மனப்பாடம் பண்றீங்களே, அதேதான்!

பரண் மேல் ஒரு குளம்

இப்போது கான்டியோனுக்குள் வாங்க. கீழே பெல்ட் போட்டு ஓடும் பழைய இயந்திரங்கள். அப்படியே மாடியேறுங்கள். கூரை ஓடுகளுக்கு நேர் கீழே, பரண் முழுக்க அடைத்துக்கொண்டு, அகலமாக, ஆழமே இல்லாத ஒரு செம்புத் தொட்டி. 7500 லிட்டர் பிடிக்கும். பெயர் கூல்ஷிப். கொதித்த வோர்ட்டை இதில் கொண்டுவந்து கொட்டுவார்கள். காற்று வர வழியைத் திறந்து வைப்பார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் போய்த் தூங்குவார்கள். அவ்வளவுதான்!

மூடி கிடையாது. ஈஸ்ட்டும் போடமாட்டார்கள். நம்ம வீட்டு இட்லி மாவில் யார் ஈஸ்ட் போடுகிறார்கள்? தானாகப் புளிக்கவில்லையா? அந்தக் கணக்குதான். ராத்திரி காற்றிலும், பரணின் மரத்திலும், அடுத்து நிரப்பப் போகிற பீப்பாய்களிலும் இருக்கிற நுண்ணுயிர்களே வேலையைப் பார்த்துக்கொள்ளும். காலையில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் வோர்ட் பீப்பாய்க்குப் போகும். முதலில் குடல் பாக்டீரியாக்களின் சொந்தக்கார வகைகள் ஆட்டம் போடும். பிறகு ஈஸ்ட் வந்து ஆல்கஹால் உண்டாக்கி அவற்றை விரட்டும். அடுத்து புளிப்பேற்றும் பாக்டீரியா. கடைசியில் மாதக்கணக்கில் நிதானமாக வேலை செய்யும் இன்னொரு ஈஸ்ட். அதன் பெயரிலேயே இந்த ஊர் இருக்கிறது: பிரெட்டனோமைசஸ் புருக்செல்லென்சிஸ். இப்படி வருகிற புளிப்பு பீர்தான் லாம்பிக். ஒன்று, இரண்டு, மூன்று வருஷச் சரக்கைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் அது கூஸ்.

பீப்பாய் அறையில் ஒட்டடை தொங்குவதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருக்கிறார்கள். பழ ஈக்களைப் பிடிக்க சிலந்திதான் அங்கே செக்யூரிட்டி!

ஒரு காலத்தில் ஐரோப்பாவின் ஆலைகள் எங்கும் இந்தத் தொட்டிதான். 1876ல் லூயி பாஸ்டர் பீர் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்று புத்தகம் போட்டார். 1883ல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். அப்புறம் திறந்த தொட்டி என்றாலே பயம். ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இங்கே அது இன்னும் பிடிவாதமாக நிற்கிறது.

குளிர் எங்கே?

ஆனால் இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு சோதனை வந்திருக்கிறது. தொட்டியை ஆற்றுவது தண்ணீரோ மெஷினோ இல்லை, ராத்திரி. அந்த ராத்திரி மைனஸ் 3லிருந்து 8 டிகிரிக்குள் இருந்தால்தான் உத்தமம். அதிகமாகக் குளிர்ந்தால் சீக்கிரம் ஆறிவிடும், காற்றிலிருந்து போதுமான விருந்தாளிகள் வந்து சேரமாட்டார்கள். குளிராவிட்டால் ரொம்ப நேரம் வெதுவெதுப்பாகவே கிடந்து, வேண்டாதவர்கள் வீட்டையே பிடித்துக்கொள்வார்கள். அதனால் கோடையில் காய்ச்சவே மாட்டார்கள்.

ஆலையை நடத்தும் ஜான் வான் ராய் 2015ல் பத்திரிகைகளிடம் சொன்னது இது: அரை நூற்றாண்டுக்கு முன் அவருடைய தாத்தா அக்டோபர் நடுவிலிருந்து மே மாதம் வரை காய்ச்சினார். இவருக்கு ஒரு வருஷம்கூட அத்தனை நீளமான சீசன் கிடைத்ததில்லை. அந்த 2015 நவம்பரில் ராத்திரிகள் சூடாக இருந்ததால் காய்ச்சுவதையே நிறுத்தி வைக்க வேண்டி வந்தது.

'ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாங்கி மாட்டிட்டா முடிஞ்சது' என்று உங்களுக்குள் இருக்கும் இன்ஜினீயர் சொல்வார். மாட்டலாம். வோர்ட் சில நிமிஷத்தில் ஆறும். ஆனால் அது பரணையும் பார்க்காது, ராத்திரியையும் பார்க்காது. வெளியே வருவது லாம்பிக்காக இருக்காது. வெப்பத்தை வெளியேற்றுவது மட்டும் வேலையாக இருந்தால் 1923லேயே விடை கிடைத்துவிட்டது. இங்கே ஆறுகிற நேரம்தான் விதைக்கிற நேரம்.

க்ளைமேட் சேஞ்ச் என்றால் உருகும் பனிமலையும் ஒல்லியான பனிக்கரடியும்தான் போஸ்டரில் இருக்கும். ஒரு தெருவின் ராத்திரிக் குளிரை நம்பித் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கிற தொழிலும் அந்தக் கணக்கில் உண்டு.

ஸ்காலர்ஷிப்போ, இன்டர்ன்ஷிப்போ கிடைத்து அந்தப் பக்கம் போனால், ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். கோடையில் போனால் தொட்டி காலியாகத்தான் கிடக்கும். குளிர்காலத்தில் காய்ச்சுகிற நாளாக அமைந்தால் பரண் முழுக்க ஆவி. எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. ஸ்வெட்டரை மறந்துடாதீங்க. அங்கே குளிர் அடித்தால், அது நல்ல சகுனம்!