640 அடி உயரமும் எங்க அப்பாவும்



வகுப்பில் என்னை 'கோஸ்டர்' என்று கூப்பிடுவது உங்களில் பலருக்குத் தெரியும். காரணம் என் நோட்டு. ஐந்தாம் வகுப்பிலிருந்து உலகத்தின் உயரமான ரோலர் கோஸ்டர்களை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறேன். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் இதுவரை ஒன்றில்கூட ஏறியது கிடையாது. கோயில் கொடைக்கு வந்த ராட்டினத்தில் ஒரே ஒரு தடவை ஏறி, மேலே போனதும் கண்ணை மூடிக்கொண்டு "அண்ணே, இறக்கி விடுங்கண்ணே"ன்னு கத்தினவன் நான். கூட வந்த சித்தி பையன் அதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

இருந்தாலும் ரசிகன் ரசிகன்தான். கிரிக்கெட் பாக்குற எல்லாரும் மட்டை பிடிக்கவா செய்றாங்க?

நோட்டில் ஒரு விதி வைத்திருக்கிறேன். கட்டப் போவதாக அறிவித்தால் பென்சிலில் எழுதுவேன். திறந்த பிறகுதான் பேனாவில்.

பேனாவில் இருக்கும் முதல் வரி 1884. நியூயார்க்கில் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் என்பவர் ஒன்றைக் கட்டினார். உயரம் சுமார் 50 அடி, வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். நம்ம சைக்கிள் அதைவிட வேகம்! அப்புறம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் சீடர் பாயிண்ட் பூங்காவில் 1989-ல் மேக்னம், 205 அடி. அதே பூங்காவில் 2000-ல் மில்லேனியம் ஃபோர்ஸ், 310 அடி. 2003-ல் டாப் த்ரில் டிராக்ஸ்டர், 420 அடி. 2005-ல் நியூஜெர்சியில் கிங்டா கா, 456 அடி. அதுக்கு அப்புறம் இருபது வருஷம் அந்த உயரத்தை யாராலும் தாண்ட முடியவில்லை.

2019-ல் ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவிடமிருந்து போன் வந்தது. அப்பா சவூதியில், ரியாத்தில் லாரி ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு. "தம்பி, உன் ராட்டினம் ஒண்ணு நான் இருக்கிற ஊருக்குப் பக்கத்துலயே வருதாம்டா. உலகத்துலயே உயரமாம், வேகமாம், நீளமாம். 2023-ல திறக்குறாங்களாம். அதுக்குள்ள நான் கணக்கு முடிச்சு ஊருக்கு வந்துருவேன்" என்றார்.

அந்த இடத்தின் பெயர் கித்தியா. கோஸ்டரின் பெயர் ஃபால்கன்ஸ் ஃபிளைட். பாலைவனத்தில் துவைக் என்ற செங்குத்தான மலை விளிம்பிலிருந்து கீழே பாயும்படி திட்டம். வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர். நான் ஒரே பக்கத்தில் இரண்டு வரி எழுதினேன், இரண்டும் பென்சிலில். ஒன்று கோஸ்டர், இன்னொன்று "அப்பா வருகை".

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அதுல ஏறினவங்க பத்திரமா திரும்பி வந்துருவாங்கல்ல?" நான் பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன். சக்கரம் தண்டவாளத்துக்கு மேலே மட்டும் இல்லை, பக்கவாட்டிலும் உண்டு, அடியிலும் உண்டு. அந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்பவர் 1919-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அதனால் வண்டி தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், கழன்று போகாது. அம்மா "சரிடா" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

இந்தக் கோஸ்டருக்கென்றே உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1978-லேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். புதுசாக ஒரு உயரம் அறிவித்தால் போதும், அவர்கள் இரண்டு மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி கொண்டாடும். இன்னொரு கட்சி "முதல்ல கட்டட்டும், அப்புறம் பாக்கலாம்" என்னும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2014-ல் ஆர்லாண்டோவில் ஸ்கைஸ்கிரேப்பர் என்ற பெயரில் 570 அடியில் ஒன்று கட்டப்போவதாக அறிவித்தார்கள். ரசிகர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். வரவேயில்லை. என் நோட்டில் அது இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.

மூன்றாவது கட்சி கொஞ்சம் விவரமானது. "உயரம் மட்டும் போதுமா? வயித்துக்குள்ள அந்த ஜில்லு வேணாமா?" என்று கேட்பார்கள். டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது டிரைவர் அண்ணன் வேகத்தடையில் விட்டு அடிப்பாரே, அப்போது சீட்டை விட்டு ஒரு நொடி எழும்புகிறோம் இல்லையா? அதுதான். அதற்கு 600 அடி தேவையில்லை, நல்ல வளைவுள்ள ஒரு சின்ன மேடு போதும். நம்ம பிசிக்ஸ் சாரும் கணக்குப் போட்டுக் காட்டினார். உராய்வை விட்டுவிட்டால், 100 மீட்டர் இறங்கும் வண்டிக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு சுமார் 160 கிலோமீட்டர். 200 மீட்டர் இறங்கினால் 320 ஆகாது, 225 தான். உயரம் இரண்டு மடங்கானால் வேகம் 1.4 மடங்குதான் கூடும். சார் இதைச் சொன்னதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

என் நோட்டைப் பார்த்துப் பார்த்தே ரசிகனான ஒரு நண்பன் என் பெஞ்சில் இருக்கிறான். அவன் இரண்டாவது கட்சி. "பாலைவனத்துலயாவது கட்றதாவது! கட்ட மாட்டாங்கடா" என்பான். ஒருநாள் அவனோடு கையைக் கலக்கும் அளவுக்குச் சண்டை வந்துவிட்டது. ஒரு ராட்டினத்துக்காக இவன் ஏன் அழுகிறான் என்று அவனுக்குப் புரியவில்லை. நான் காரணத்தைச் சொல்லவும் இல்லை. நண்பா, இன்றைக்குச் சொல்கிறேன். நீ "அது வராது"ன்னு சொல்லும்போதெல்லாம் எனக்குக் கீழே இருந்த அந்த இரண்டாவது வரிதான் ஞாபகம் வரும்.

2023 வந்தது. கோஸ்டர் திறக்கவில்லை. அப்பாவும் வரவில்லை. அக்கா கல்யாணக் கடன் இன்னும் முடியவில்லை.

2024 நவம்பரில் கிங்டா கா மூடப்பட்டது. 10-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டு அதற்குப் பிறகுதான் வெளியே சொன்னார்கள். "கடைசியா ஒரு தடவை ஏற விடலையே" என்று ரசிகர்கள் கலங்கிப் போனார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று வெடிவைத்துச் சாய்த்துவிட்டார்கள். ஓடிய காலத்தில் சில சமயம் வேகம் பத்தாமல் உச்சி வரை போய், தாண்ட முடியாமல் வண்டி பின்னாலேயே இறங்கி வந்துவிடும். அதில் மாட்டியவர்கள் பயப்படவில்லை, அதிர்ஷ்டம் என்று கைதட்டினார்களாம். ரசிகர்கள் என்றால் அப்படி!

2025 டிசம்பர் 31 அன்று ஃபால்கன்ஸ் ஃபிளைட் திறந்துவிட்டது. உயரம் 195 மீட்டர், அதாவது 640 அடி. கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 133 அடி. அதுபோல நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் இன்னும் நூறு அடிக்கு மேல் மிச்சம். நீளம் நாலு கிலோமீட்டருக்கும் அதிகம். "மலையையும் சேர்த்துத்தானே இந்த உயரம்?" என்று அதற்கும் ஒரு சண்டை போட்டான் என் நண்பன். போடட்டும். நான் பேனாவை எடுத்து அழுத்தி எழுதினேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அப்பா பேசினார். லோடு ஏற்றிப் போகும்போது தூரத்தில் மலைமேல் தண்டவாளம் தெரிந்ததாம். ஓரமா நிறுத்தி அஞ்சு நிமிஷம் பாத்தாராம். "நீங்க ஏறலையாப்பா?"ன்னு கேட்டேன். "கீழ இருந்து பாத்ததுக்கே தலை சுத்துதுடா. நீ ராட்டினத்துல கத்துனது யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு நினைக்கிற?" என்று சிரித்தார். அப்புறம், "ஏப்ரல்ல வந்துருவேன் தம்பி, இனி போக மாட்டேன்" என்றார்.

போனை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அப்பாவிடம் கேட்டதும் ஒரே கேள்விதான்: "பத்திரமா வந்துருவீங்கல்ல?" எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ஐந்தாம் வகுப்பில் நான் சக்கரத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டது சக்கரத்தை இல்லை.

நண்பர்களே, எவ்வளவு உயரம் போனாலும் ஏறின இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறதே, கோஸ்டரில் எனக்கு இப்போது பிடித்தது அதுதான். நோட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் வரலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் இரண்டாவது வரியை யாரும் ரப்பரால் தொடக்கூடாது. அது இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. ஏப்ரலில் பேனாவால் எழுதுவேன்.

— 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்