ஹரமைன் பயணமும் கைப்பேசியும்

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ நிய்யத் வைத்துப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் அன்பர்களே! இஹ்ராம் துணி, மருந்து மாத்திரை, ஊறுகாய், இடுப்பு பெல்ட் என ஒன்றுவிடாமல் வீட்டார் உங்களுக்கு நினைவூட்டியிருப்பார்கள். கைப்பேசியைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். எப்போதும் கையிலேயே இருக்கும் பொருளுக்கு ஆயத்தம் எதற்கு என்பது பொதுவான எண்ணம். ஆனால் இன்றைய மக்கா, மதீனாவில் அது வெறும் பேசும் கருவியன்று. அனுமதிச் சீட்டு, வழிகாட்டி, பணப்பை ஆகிய மூன்றும் அதனுள்ளேயே அடங்கிவிட்டன. அது போனால் மூன்றும் சேர்ந்தே போகும்.

மதீனாவில், மஸ்ஜிதுந் நபவியின் ரவ்ழா ஷரீஃபில் இரண்டு ரக்அத் தொழ ஆசைப்படாத முஸ்லிம் உண்டா? ஒரு காலத்தில் நெரிசலைப் பொறுத்து வரிசையில் நின்றால் போதுமானதாக இருந்தது. இப்போது 'நுஸுக்' என்னும் செயலியில் நாளும் நேரமும் குறித்து அனுமதி பெற்றாக வேண்டும். சவூதி அரசு இந்தத் தளத்தை 2022ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரங்கள் தனித்தனி. திரையில் தெரியும் க்யூஆர் குறியீட்டை வாயிற்காவலரிடம் காட்டியாக வேண்டும். சார்ஜ் தீர்ந்து இருண்ட திரையோடு அவர்முன் நிற்பவரின் கண்ணீரை எண்ணிப் பாருங்கள். அன்று காலையிலிருந்தே படம் பிடித்துப் பிடித்து மின்கலத்தைத் தீர்த்துவிட்டு, மாலையில் அந்த வாசலுக்குச் செல்லாதீர்கள்.

இந்தச் செயலியை ஊரில் இருக்கும்போதே இறக்கிப் பதிவை முடித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் உள்ள ப்ளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். "இதைத் தட்டினால் உடனே அனுமதி கிடைக்கும்" என்று வாட்ஸ்அப்பில் எவரோ அனுப்பும் இணைப்பைத் தொடவே வேண்டாம். வாட்ஸ்அப்பிலேயே 'இரண்டு கட்டச் சரிபார்ப்பு' என்று ஒரு வசதி இருக்கிறது. புறப்படுமுன் அதை இயக்கி ஒரு ரகசிய எண்ணை வைத்துவிடுங்கள். உங்களுக்கு வரும் ஆறிலக்க எண்ணைக் கேட்பவர் உறவினர் பெயரிலேயே வந்தாலும் கொடுக்கக் கூடாது. அந்த உறவினரின் கணக்கு முன்னரே களவு போயிருக்கக் கூடும்.

அடுத்தது சிம் விவகாரம். ஜித்தாவிலோ மதீனாவிலோ இறங்கியவுடன் உள்ளூர் சிம் வாங்குவோர், ஊர் சிம்மைக் கழற்றித் தாளில் மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்துப் பணம் அனுப்ப முற்படும்போதுதான் சிக்கல் புரிகிறது. வங்கி அனுப்பும் ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்கல்லவா வரும்? இரண்டு சிம் போடும் வசதி இருந்தால் ஊர் சிம்மும் உள்ளேயே இருக்கட்டும். அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் விமானம் ஏறுமுன்பே அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்தோர் ஊர் திரும்பியதும் வரும் பில்லைக் கண்டு திகைப்பதுண்டு. சவூதியில் சிம் வாங்கக் கைரேகை பதிய வேண்டும் என்பது 2016 முதல் நடைமுறை. ஆகையால் நிறுவனங்களின் முறையான கடைகளில் மட்டுமே வாங்குங்கள். தெருவில் சிம் நீட்டுபவரிடம் விரலை நீட்டாதீர்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் பதிவாகும் என்று யார் கண்டது? வீட்டாரின் எண்களையெல்லாம் +91 சேர்த்துப் பதிந்து வைத்தால் எந்த நாட்டிலிருந்தும் தட்டியவுடன் மணியடிக்கும். அழைக்குமுன் நம் ஊர் இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். அங்கே இஷாத் தொழுது உண்டபின் அழைத்தால், இங்கே குழந்தைகள் உறங்கிப் போயிருப்பார்கள்.

பவர் பேங்க்கைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்க அனுமதியில்லை. சவூதியின் மின்துளைகள் தட்டையான மூன்று கால் பிளக்குக்கு உரியவை. நம் உருண்டைக் கால் பிளக் அங்கே பொருந்தாது. ஓர் அடாப்டர் எடுத்துச் செல்லுங்கள்.

கைப்பேசியை இழப்பதற்கு மிகவும் வாய்ப்பான இடம் எது தெரியுமா? திருடர் கூட்டமன்று, ஒளூச் செய்யும் இடம்! குழாயின் மேலே கண்ணாடி, கடிகாரத்தோடு கைப்பேசியையும் வைத்துவிட்டு, இகாமத் ஒலி கேட்டவுடன் ஓடிவிடுகிறோம். கழுத்தில் மாட்டும் பை ஒன்று இதற்குப் போதும். திரையைப் பூட்டி வைப்பதோடு, பூட்டிய திரையின்மேல் உடன் வந்தவரின் எண் தெரியுமாறு செய்துகொண்டால், கண்டெடுத்த நல்லவர் திருப்பித்தர வழி பிறக்கும்.

புகைப்படம் எடுப்பதிலும் கவனம் தேவை. முன்பின் அறியாத பெண்மணியையோ பிறர் குடும்பத்தையோ படமெடுத்துப் பரப்புவது அடக்கமின்மை மட்டுமன்று. கேமரா உள்ள கைப்பேசியால் பிறர் அந்தரங்கத்தில் அத்துமீறுவோருக்கு ஓராண்டு வரை சிறை, 5,00,000 ரியால் வரை அபராதம் என்று சவூதியின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவாஃபின் நடுவே நின்று தம் முகத்தைத் தாமே படமெடுப்போரைப் பற்றி என்ன சொல்ல! பின்னால் வரும் முதியவர் அவர்மேல் மோதி விழுகிறார்.

ஹஜ்ஜுக்குச் செல்வோர் வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2024 ஜூன் ஹஜ்ஜின்போது மக்காவில் 51.8 பாகை செல்சியஸ் பதிவானது. அவ்வாண்டு 1,301 பேர் மாண்டதாகச் சவூதி அரசு அறிவித்தது. ஐபோனைப் பயன்படுத்த உகந்த சூழல் வெப்பம் 35 பாகை வரைதான் என்று அதன் நிறுவனமே கூறுகிறது. அரஃபாத் வெயிலில் கையில் பிடித்தபடி நடந்தால் அது தானே அணைந்துவிடக் கூடும். அப்போது பதறி ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். உள்ளே ஈரம் படிந்து அடியோடு கெட்டுவிடும். நிழலில், துணிப்பைக்குள் சற்று நேரம் கிடந்தால் தானாகவே குளிரும்.

எல்லாவற்றிலும் கடினமானது மினா. 1997இல் அங்கே மூண்ட தீ 343 உயிர்களைக் கொண்டுபோன பிறகு, தீப்பற்றாத வெண்கூடாரங்களை எழுப்பினார்கள். பாதுகாப்பு பெருகியது, ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம். ஜமராத்தில் கல்லெறிந்துவிட்டுத் திரும்பும் உம்மாவோ வாப்பாவோ எந்தச் சந்தில் திரும்புவார்கள்? மினாவை அடைந்ததும், உங்கள் கூடார வாசலில் நின்றபடியே வரைபடச் செயலியில் அந்த இடத்தைக் குறித்துச் சேமித்துவிடுங்கள். மக்கா, மினா வரைபடத்தை ஊரிலேயே இறக்கி வைத்திருந்தால் இணையம் இல்லாவிட்டாலும் அது வழிகாட்டும். இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பேச முயலும் அந்த நாட்களில் இணையத்தை நம்பியிருக்க முடியாது. கூடார எண் எழுதிய பலகையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதோடு பழைய முறையையும் கைவிட வேண்டாம். கூடார எண், மக்தப் எண், விடுதியின் பெயர், குழுத்தலைவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தாளில் அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டு உம்மாவின் கழுத்துப் பையில் ஒன்றும் வாப்பாவின் இடுப்பு பெல்ட்டில் ஒன்றுமாக வைத்துவிடுங்கள். "கடிகாரக் கோபுரத்தடியில் நில்லுங்கள்" என்று மட்டும் அவர்களிடம் சொல்லாதீர்கள். 601 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரம் மக்காவின் எத்தனையோ தெருக்களிலிருந்து தெரியும். நீங்கள் ஒருபுறமும் அவர்கள் மறுபுறமுமாக நின்று தேட நேரும். ஹரமின் ஒரு வாசல் எண்ணைச் சொல்லி, அந்த வாசலுக்கு முதல் நாளே கைப்பிடித்து அழைத்துச் சென்று காட்டிவிடுங்கள்.