வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கியா?

பிழைப்பின் பொருட்டு விழிஞ்ஞத்தில் குடியேறிய நம்மவர்க்குப் பொதுவான கவலை ஒன்றுண்டு. இரவுப் பணிக்குச் செல்வோர், வீட்டில் தனித்திருக்கும் மனைவி மக்களை எண்ணிக் கலங்குவர். இரயில்வே எழுத்தனாகிய நானும் அதற்கு விலக்கல்லன். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பூட்டு உடைக்கப்பட்ட செய்தி கேட்ட என் மைத்துனர், "அத்தான், இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வாங்கிவிடுங்கள்" என்று வற்புறுத்தினார். ஆகவே அதனை ஆராயத் தலைப்பட்டேன்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாகும். தற்காப்புக்கென உரிமம் கோருவோர்க்கு அச்சட்டம் குறிப்பிடுவது, 20 அங்குலத்திற்குக் குறையாத வழவழப்பான குழலுடைய துப்பாக்கியே. விண்ணப்பித்தபின் காவல்துறையினர் விசாரணை செய்வர். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் பெறவேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உரிமம் ஐந்தாண்டு செல்லும்.

நம் நாட்டில் பெருவழக்கானது '12 போர்' துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்றின் விட்டமே குழலின் விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். தோட்டாவிலோ பல வகை. பறவை வேட்டைக்குரியதில் சிறு ரவைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்; 'எல்.ஜி.' முதலியவற்றில் பெருங்குண்டுகள் சிலவே. பெருங்குண்டு பலகைத் தடுப்பைத் துளைத்து அப்பாலும் பாயும். நம்மவர் வாழும் நெருக்கமான வாடகை வீடுகளில் அப்பால் உறங்குவது யார்? அண்டை வீட்டுக் குழந்தை!

இன்னுமொன்று. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமையை வழங்குகின்றன. எனினும், தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்ய அவ்வுரிமை இடந்தராது. இருளில், அரைத் தூக்கத்தில், அந்த அளவை அறிவது எளிதோ?

இவற்றையெல்லாம் கேட்ட என் மனைவி, "தோட்டாவை வேறாகப் பூட்டி வைத்தால் திருடன் வரும்போது உதவாது, பூட்டாமல் வைத்தால் நம் பிள்ளை எடுத்துவிடுவான். எதைச் செய்யச் சொல்கிறீர்கள்?" என்றாள். அதற்கு என்னிடம் விடையில்லை. மைத்துனரும் மௌனமானார்.

துப்பாக்கி வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டோம். கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாளும் முற்றத்தில் விளக்கும் அமைத்தோம். அடுத்த வீட்டுச் சேச்சியின் தொலைபேசி எண்ணையும், அவசர உதவிக்குரிய 112 என்னும் எண்ணையும் சுவரில் எழுதி வைத்தோம். பொங்கலுக்கு ஊர் செல்லுமுன் காவல் நிலையத்தில் தெரிவித்தோம். கேரளக் காவல்துறையின் செயலியிலும் அதற்கு வழியுண்டு. மொழி வேறாயினும் அண்டை வீட்டாரின் நட்பைப் பேணுதல் நம்மவர்க்கு இன்றியமையாதது. அன்பர்கள் சிந்திப்பார்களாக.