கோட்டுப்பால் பந்து

வேலையின் பொருட்டு லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பகுதியில் குடியிருந்த காலத்தில் என் நாக்கு ஊரைத் தேடவே இல்லை. மெக்சிகோக்காரர்கள் நிறைந்த பகுதி அது. தெருமுனை வண்டியில் மாங்காய்த் துண்டுகள்மேல் எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூளும் உப்பும் தூவித் தருவார்கள். சுட்ட சோளக்கதிரிலும் அதே காரம், அதே புளிப்பு. பழக்கடையில் சிக்குப் பழம்கூடக் கிடைத்தது. மலேசியாவில், பத்தாங் காலி ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் நின்ற மரத்தின் பழம். அதன் பூர்வீகமே தென் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான். அந்த மரத்தைக் கீறி எடுத்த பாலில்தான் நெடுங்காலம் சூயிங்கம் செய்தார்கள்.

அவர்களுடைய பாட்டும், முகமூடி மல்யுத்தமும், சுவர் ஓவியங்களும் எனக்குப் பிடித்துப்போயின. ஒரு கடைச்சுவரில், கனத்த கரிய பந்தை ஒருவன் இடுப்பால் மோதி எழுப்புவதுபோல் வரைந்திருந்தார்கள். “ரப்பர் பந்து. கொலம்பஸ் வருவதற்கு ரொம்ப முன்னாடி” என்றார் கடைக்காரர். ரப்பரின் கதையை நான் பள்ளியில் படித்தவன். 1876-இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார், மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன, தாவரவியலாளர் ரிட்லி வந்தார், பிறகு தோட்டங்கள். இந்தப் பந்து அந்தக் கதையில் எங்குமே இல்லை.

தேட ஆரம்பித்தேன். மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் எல் மனாட்டி என்ற சதுப்பு நிலத்தில் ரப்பர் பந்துகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பழையவை ஏறத்தாழ கி.மு. 1600-ஐச் சேர்ந்தவை. மரமும் நம் மரமல்ல. காஸ்டில்லா என்ற வேறு மரம். அதன் பாலை அப்படியே காயவிட்டால் பொடிந்துபோகும். அதற்கு அந்த மக்கள் கண்ட வழிதான் என்னை நெகிழவைத்தது. இரவில் வெள்ளையாகப் பூக்கும் ஒரு கொடியை நசுக்கி, அதன் சாற்றைப் பாலில் கலந்து கிளறினார்கள். பால் உறைந்து, இழுத்தால் நீண்டு, விட்டால் துள்ளும் பொருளானது. அமெரிக்க ஆய்வாளர்கள் டோரதி ஹோஸ்லர், சாண்ட்ரா பர்கெட், மைக்கேல் டார்கேனியன் மூவரும் 1999-இல் இதைச் சோதித்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தியது 1839-இல்தான். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ஃபார்மிக் அமிலம் ஊற்றிப் பாலை உறையவைத்த வேலையை, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கொடியின் சாறு செய்திருக்கிறது.

அஸ்டெக் அரசுக்கு ஒரு மாகாணம் மட்டும் 16,000 ரப்பர் உருண்டைகளைத் திறையாகச் செலுத்தியதாக மெண்டோசா சுவடி சொல்கிறது. 1528-இல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்டெஸ் இந்தப் பந்தை ஆடுபவர்களை ஸ்பெயின் அரசவைக்கே கூட்டிப்போனார். வைடிட்ஸ் என்ற ஜெர்மானிய ஓவியர் அவர்களை வரைந்துவைத்திருக்கிறார். காஸ்டில்லாவைத் தோட்டப்பயிராக்கவும் ஆங்கிலேயர் முயன்றார்கள். ராபர்ட் கிராஸ் 1875-இல் பனாமாவிலிருந்து கன்றுகள் எடுத்துவந்தார். ஆனால் அதை அடிக்கடி வெட்ட முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினாலும் பால் தரும் பிரேசில் மரம் வென்றது. அந்த மரத்துக்காகத்தான் எங்கள் பாட்டன்மார் கப்பலேறினார்கள்.

இத்தனையும் படித்துவிட்டுப் பத்தாங் காலியிலுள்ள மாமாவை அழைத்தேன். தோட்டத்தில் நாங்கள் விளையாடிய பந்தை முதலில் யார் செய்தது என்பதுதான் கேள்வி.

“யாரு சொல்லிக் குடுக்கணும்? கோட்டுப்பாலு இருக்கு, கை இருக்கு. சுத்த வேண்டியதுதானே?”

கோட்டுப்பால் என்பது, வெட்டிய கோட்டிலேயே வழிந்து காய்ந்து நிற்கும் ரப்பர் நாடா. மறுமுறை வெட்டும்போது அதை உரித்துக் கூடையில் போடுவார்கள். அந்த நாடாவை இழுத்து இழுத்து உருண்டையாகச் சுற்றினால் பந்து. மெக்சிகோவிலும் இப்படி ரப்பர் நாடாவைச் சுற்றிப் பந்து செய்திருக்கிறார்கள்.

மாமா அதோடு நிறுத்தவில்லை. கோட்டுப்பாலுக்கும் நிறுவை உண்டு. பால் வடியும் கிண்ணமான மங்கில் உறைந்த கட்டிப்பாலோடு சேர்த்து எடைபோட்டுத்தான் காசு. “ஒரு பந்துன்னா உங்க பாட்டிக்கு அன்னிக்குக் கூலி குறையும். மண்டோர் பாத்தா வேற ஏசுவான். இருந்தாலும் பாட்டி கூடையிலேருந்து கொஞ்சம் எடுத்து மடியில முடிஞ்சிக்கிட்டு வரும். எங்க அஞ்சு பேருக்கும் அப்படித்தான் பந்து வந்துச்சு” என்றார்.

ரப்பர் வரலாறு என்று எனக்குக் கிடைத்த நூல்களில் துரைமாரின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. கொடியை நசுக்கிய அந்தப் பழங்குடிகள் முதல் அத்தியாயத்தில் ஒரு பத்தியோடு முடிந்துபோகிறார்கள். மடியில் முடிந்துகொண்டு வந்த பாட்டி எங்குமே இல்லை. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன; பந்து சுற்றத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். மாமாவிடம் கேட்டதை முழுக்க எழுதிவைத்திருக்கிறேன். அடுத்து அத்தையிடமும், ராசா, செரெண்டா ஊர்கள் பக்கம் இருக்கும் அவருடைய சேக்காளிகளிடமும் கேட்க வேண்டும். பெண்பிள்ளைகள் அந்தப் பந்தை வைத்து என்ன ஆடினார்கள் என்பது மாமாவுக்குத் தெரியவில்லை.