காங்கேசன்துறையில் ஒரு பகல்

இத்தாலியில் சிவிடவெக்கியா என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. பெரிய பெரிய உல்லாசக் கப்பல்கள் எல்லாம் அங்கே வந்து நிற்கும். இறங்குகிற கூட்டத்தில் பாதிப் பேர் அந்த ஊரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரோமுக்கு ரயிலோ பஸ்ஸோ பிடித்து ஓடுவார்கள். சாயங்காலம் கப்பல் கிளம்புவதற்குள் திரும்ப வேண்டுமே! டிராஜன் என்ற ரோமப் பேரரசர் கட்டிய துறைமுகம், மைக்கேலாஞ்சலோ பெயரில் ஒரு கோட்டை எல்லாம் கண்ணெதிரிலேயே இருக்கும். நின்று பார்க்கத்தான் நேரம் இருக்காது.

இப்படி ஓர் ஊரைப் பார்க்க திருத்தங்கல்காரர் இத்தாலி வரைக்கும் போக வேண்டியதில்லை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமே ஒன்று இருக்கிறது: காங்கேசன்துறை.

2023 ஜூன் மாதம் கோர்டீலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் சென்னையில் கிளம்பி அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று ஒரு சுற்று போய் வந்தது. (இதே கப்பலைத்தான் 2022-இல், சூதாட்டம் நடக்கிறது என்ற சர்ச்சையில், புதுச்சேரிக்குள் விடவில்லை.) ஜூன் 16-ஆம் தேதி காங்கேசன்துறைக்கு வந்தபோது அங்கே புதிய பயணிகள் முனையமும் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணம் அங்கிருந்து 20 கிலோமீட்டருக்குள். நல்லூர் கந்தசாமி கோவில், கோட்டை, 1981-இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நூலகம்... ஒரு பகலுக்கு இதுவே ஜாஸ்தி. சிவிடவெக்கியாவுக்கு ரோம் என்றால் காங்கேசன்துறைக்கு யாழ்ப்பாணம்.

பி.காம். படிக்கிறவர்கள் இதில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கப்பல் பயணியிடம் சாப்பாடு, படுக்கை, பாட்டு, நீச்சல் குளம் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே காசு வாங்கிவிடுகிறார்கள். மதியம் திரும்பி வந்தால் கப்பலிலேயே சாப்பாடு தயார். அப்புறம் கரையில் யார் செலவு பண்ணுவார்கள்? துறைமுகக் கட்டணம், பஸ் வாடகை, வழிகாட்டிக்குக் கூலி, கொஞ்சம் பனங்கட்டி, ஒரு இளநீர். ஊருக்கு வந்தது பெரிய கப்பல்தான், வந்த வரவு பெரிசு என்று சொல்ல முடியாது.

பஸ்ஸில் ஏறாமல் ஊருக்குள்ளேயே நிற்கிற பயணிக்குத்தான் அதிர்ஷ்டம். பக்கத்தில் கீரிமலை. கடல் அலை வந்து மோதுகிற இடத்தை ஒட்டி ஒரு கேணி, அதில் நல்ல தண்ணீர் ஊற்று! ஆடி அமாவாசைக்கு இங்கிருந்து ராமேஸ்வரம் போவது மாதிரி அங்கே கீரிமலைக்குப் போவார்கள். சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லிக்கு இருந்த குதிரை முகம் இந்தத் தண்ணீரில் குளித்து மாறியது என்பது கதை. அவள் மாவிட்டபுரத்தில் கட்டிய முருகன் கோவிலுக்குச் சிலை வந்து இறங்கிய துறை என்பதால்தான் காங்கேயன் துறை. காங்கேயன் என்றால் முருகன். ஆக, இந்த ஊருக்குப் பெயர் கொடுத்ததே கப்பலில் வந்த ஒருவர்தான் :-)

ஆனால் கப்பல் கம்பெனியின் நோட்டீஸில் வராத விஷயம் ஒன்று உண்டு. 1990 ஜூன் மாதம் போர் மறுபடி மூண்டபோது இந்தச் சுற்றுவட்டாரத்து மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அந்த நிலமெல்லாம் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆகிவிட்டது. 1950-இல் தொடங்கிய சிமெண்ட் ஆலையும் அந்த வருடத்தோடு நின்றது. 2015-க்குப் பிறகு நிலங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள், எல்லாவற்றையும் அல்ல. கடற்கரையில் ராணுவம் நடத்தும் 'தல்செவன' என்ற விடுதி இருக்கிறது. காசு கட்டினால் யாரும் தங்கலாம். தன் சொந்தக் காணிக்குள் கால் வைக்க முடியாதவரும் பணம் கொடுத்தால் அங்கே அறை எடுக்கலாம் என்பதை என்னவென்று சொல்வது?

இன்னொரு வேடிக்கை, அந்த எம்பிரஸ் கப்பல் முதன்முதலில் பயணிகளோடு கடலில் இறங்கியதும் 1990-இல்தான். ஊரார் வெளியேறிய வருடத்துக் கப்பல், முப்பத்து மூன்று வருடம் கழித்து அந்த ஊருக்கே வந்து நின்றது.

இங்கே சிவகாசி பக்கம் அனுப்பங்குளத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். 2021-இலிருந்து மறுவாழ்வு முகாம் என்று பெயர். தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்கள் மன்னார், திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று பல ஊர்க்காரர்கள். பெயிண்ட் வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறார்கள். 1990-இல் படகேறிய பத்து வயதுப் பையன் இப்போது நாற்பதைத் தாண்டியவர். திருத்தங்கலில் பாஸ்போர்ட்டும் கையில் காசும் உள்ள ஒரு கடைக்காரர் உல்லாசக் கப்பலில் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கி, நாலு போட்டோ எடுத்து வரலாம். பாஸ்போர்ட் இல்லாத முகாம்காரர் அந்தக் கப்பலில் ஏற முடியாது. திரும்பிப் போவதென்றால் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயண ஆவணம் வாங்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும், அங்கே காணி இருக்கிறதா என்ற கேள்விகள் தனி.

2024 ஆகஸ்ட் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 'சிவகங்கை' கப்பல் ஓட ஆரம்பித்தது. அதில் நீச்சல் குளமும் கிடையாது, பாட்டுக் கச்சேரியும் கிடையாது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். திருத்தங்கலில் இருந்து சென்னைக்கு ரயிலில் போகவே அதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகிறது.